ஒப்பீட்டுத் தட்டு

டர்பன், அம்பிலோ சாலை, மூன்றாம் மாடி. காலை ஆறரை.
மின்வெட்டு முடிந்தது. ஜெனரேட்டர் இருமி அடங்குகிறது.
இன்குபேட்டரைத் திறக்கிறேன்.
முப்பத்தேழு டிகிரி மூச்சு முகத்தில் அடிக்கிறது,
காய்ச்சல்காரன் போர்வையை விலக்கினாற்போல.

உள்ளே எவனோ ஒருவன்.
முகம் தெரியாது, பேர் தெரியாது.
அவன் செத்து எத்தனையோ வருஷம்.
அவனுக்குள் வளர்ந்தது மட்டும் சாகவில்லை;
தட்டின் அடியில் ஒட்டிக்கொண்டு
இளஞ்சிவப்பு ரசம் குடித்துப் பெருகுகிறது.
வாரம் மூன்று தடவை
நான்தான் சோறு போடுகிறேன்.

நேற்று ஆறு தட்டுகளில்
வைட்டமின் டி விட்டேன், சொட்டுக்கும் குறைவாக.
தோலில் பிறந்து,
ஈரலில் ஒரு முத்திரை, சிறுநீரகத்தில் ஒரு முத்திரை
வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பும் வடிவம்.
எங்களுக்கு அது குப்பியில் வருகிறது;
விலையை ராண்டில் கேட்டால் தலை சுற்றும்.
இன்னும் ஆறு தட்டுகளில் வெறும் எத்தனால்:
மருந்தைக் கரைக்கும் சாராயம்,
மருந்தில்லாமல்.

இருபத்துநாலு மணி நேரம்.
அதற்குள் அது செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து
தன் ஏற்பியின் மடியில் உட்காருகிறது.
ஏற்பி இன்னொரு புரதத்தோடு கைகோத்துக்கொண்டு
டிஎன்ஏ இழையில் தனக்கான இடம் தேடிப்போய்
அங்கே குனிகிறது.
எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை.
வாசிக்கும் குரல்தான் மாறுகிறது,
சில பக்கம் உரக்க,
சில பக்கம் உதட்டுக்குள்.

திரையில் வளைகோடுகள் எழும்புகின்றன.
'பிரியாதே, நில்' என்னும் மரபணு
இரண்டு மடங்கு. பரவாயில்லை.
வளரச் சொல்லி வரும் தூதைப் பிடித்துக் கட்டுவது
ஐந்து மடங்கு. நல்லது.
இன்னொன்று எண்ணூறு மடங்கு.
பிழையோ என்று மறுபடி ஓட்டினேன்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு.

அதற்கு என்ன வேலை தெரியுமா?
வைட்டமின் டியை உடைத்து வெளியே கொட்டுவது.
வந்தவன் விளக்கைப் போட்டதும்
வீடு முதலில் வாய்விட்டுச் சொன்ன சொல்
'போய் வா.'

பூபாலனிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
இருபத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன்.
பெரும்பாலும் இரவு ஷிப்டு.
பகலென்றாலும் கண்ணாடிக் கூண்டு;
தோலுக்கு வேண்டிய கதிர் கண்ணாடி தாண்டாது.
போன மாதம் அவன் ரத்தச் சீட்டில் ஒரு எண்ணுக்குப் பக்கத்தில்
சின்ன நட்சத்திரம்.
பிறகு ஊசி வைத்துப் பன்னிரண்டு துணுக்கு எடுத்தார்கள்.
இரண்டில் இருந்தது.
'இப்போதைக்குப் பார்த்துக்கொண்டிருப்போம்' என்றார் டாக்டர் ம்தெம்பு.
பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஞாயிறு. சாட்ஸ்வர்த், பின்முற்றம்.
சட்டையைக் கழற்றிப் போட்டு
பீர் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறான்.
முதுகு வடக்கே. இங்கே ஜூலை வெயில் அந்தப் பக்கம்தான்.
மதில்மேல் குரங்கு ஒன்று, எங்கள் ரொட்டியைத் தின்றபடி
அவனையே பார்க்கிறது.

'நம்ம கறுப்புக்கு நேரம் அதிகமாகும், இல்லே?'
ஆகும்.
'அப்புறம் சரியாயிடுமா?'
தட்டு வேறு, உடம்பு வேறு, என்கிறேன்.
தட்டில் நடந்தது மனுஷனுக்குள் நடக்கும் என்பதற்கு
இன்னும் உறுதியான...
'லோகி, ஆபீஸ் குரல்லே பேசாதே.'

பக்கத்து வீட்டில் யாரோ கார் கழுவுகிறார்கள்.
சோப்புத் தண்ணீர் எங்கள் வாசல்வரை வந்து
என்ன நினைத்ததோ, திரும்பிக்கொள்கிறது.

வெகு நேரம் கழித்துக் கேட்கிறான்:
'அந்தச் சாராயத் தட்டு என்னாச்சு?'
ஒன்றுமில்லை. வழக்கம்போலப் பெருகிற்று.
கையிலிருந்த பாட்டிலைப் பார்க்கிறான்.
பிறகு என்னை,
சிரிக்கலாமா என்று கேட்பதுபோல.

மதிலின் நிழல் அவன் தோள்வரை ஏறிவிட்டது.
எழுந்திரு, என்றேன்.
பெட்டியை ஒரு முழம்
வெயிலுக்குள் இழுத்துப் போட்டேன்.